சுருக்கமில்லாத இடம்

என் மனைவி ஸைனம்பு தொழுகையில் நெற்றியைப் பாயில் வைத்து சுஜூதுக்குப் போனபோது நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவளுடைய வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கவுனுக்குள்ளே, தொப்புளுக்கு வலப்பக்கம், ஒரு பை ஒட்டியிருந்தது. அதில் அரைவாசிக்குப் பால் விடாத பிளேன்டீ.

பை எனக்கானது. போட்டுப் பழகும்படி கொழும்பில் தாதி கொடுத்துவிட்டது.

எனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். ரோபோ இயந்திரத்தால் சிறு துளைகள் போட்டுச் சிறுநீர்ப்பையையே முழுதாக எடுத்துவிடுவார்கள். பிறகு சிறுநீர் எந்த வழியாகப் போவது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமைக்குள். அன்று வியாழன்.

வழி இரண்டு என்றார் டாக்டர். குடலில் ஒரு துண்டை வெட்டி, வயிற்றில் அதற்கு ஒரு வாய் திறந்து, அதன்மேல் பை ஒட்டுவது ஒன்று. குடலையே பையாகத் தைத்து உள்ளே வைப்பது மற்றது. அது வெளியே தெரியாது. ஆனால் ஒப்பரேஷன் நீளம். தூக்கத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்ப வேண்டும். சிலர் தாங்களே குழாய் விட்டுச் சிறுநீரை இறக்க வேண்டிவரும். ஒன்றைச் செய்தபின் மற்றதற்கு மாறுவது லேசில்லை.

உள்ளே வைப்பதையே நினைத்திருந்தேன். வெளியே பை என்றாலே எனக்குப் பயம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் தோளோடு தோள் நிற்கும்போது அது கழன்றால்? இரத்தோட்டை பஸ்ஸில் சனம் நெருக்கும்போது வெடித்தால்? என் கடையில் மிளகு நிறுக்கக் குனியும்போது?

பை இருந்தாலும் ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதிதாகக் கைகால் கழுவி வுளூச் செய்து தொழலாம் என்று மௌலவி சொல்லிவிட்டார். அந்தப் பயம் தீர்ந்தது. மற்றவை தீரவில்லை.

"தூக்கத்துல எழும்புறதா? றம்ஸீன்ட வாப்பாவா?" என்றாள் ஸைனம்பு, வழக்கம்போல் எங்கள் மகனின் பெயரை வைத்து என்னைச் சொல்லி. "நோம்புல விடிய முந்திச் சஹர் சாப்பிட ஒங்கள எழுப்ப நான் படுற பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

நான் சிரிக்கவில்லை. அவள் பையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"என்ட வயித்துல ஒட்டுங்க. இன்டைக்கு நான் போட்டுப் பாக்குறேன்."

மடிப்பு விழும் இடத்தில் ஒட்டினால் கசியும் என்று தாதி சொல்லியிருந்தாள். என்னை நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியவைத்து, சாரத்தை வழக்கம்போல் கட்டச் சொல்லி, என் வயிற்றில் அப்படி ஓர் இடம் தேட அரை மணித்தியாலம் எடுத்தாள். ஸைனம்புவிடம் தேட வேண்டியிருக்கவில்லை. எப்படிக் குனிந்தாலும் ஒரு சுருக்கம் விழவில்லை. பேனையால் புள்ளி வைத்தேன்.

"எல்லாம் சுருங்கிட்டு. வயிறு மட்டும் இன்னம் கொமருப் புள்ளதான்" என்றாள்.

பைக்குள் பிளேன்டீ ஊற்றியதும் அவள்தான். "சீனி போடல்ல. எறும்பு வராது."

அப்படியே பஸ் ஏறி மாத்தளைக் கடைத்தெருவுக்குப் போனாள். நான் பின்னால் போனேன், எங்கே ஈரம் தெரிகிறது என்று பார்த்தபடி. கருவாடு வாங்கினாள். பஸ்ஸில் நின்றபடியே திரும்பி வந்தாள். முற்றம் கூட்டினாள். சமைத்தாள். சோற்றை இரண்டு வாய் வைத்துவிட்டுப் பீங்கான் தட்டைத் தள்ளினாள். எனக்கும் இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயம் என்று நினைத்தேன்.

நடுப்பகல் லுஹர் தொழுகைதான் கடைசிச் சோதனை. பெண்கள் வயிற்றைத் தொடையோடு ஒட்டியே சுஜூது செய்வார்கள். பை நசுங்கும்.

நின்று, குனிந்து, சுஜூது செய்து எழும்பும் முதல் ரகஅத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை.

கடைசி ரகஅத்தில் நெற்றியை வைத்தவள் எழும்பவில்லை.

கழன்றுவிட்டது, எழுந்தால் கொட்டும், அதனால்தான் அப்படியே கிடக்கிறாள் என்று தோன்றியது. பாயில் கறை பரவுகிறதா என்று குனிந்து பார்த்தேன். பாய் காய்ந்திருந்தது.

ஒரு கையால் பாயை ஊன்றி மெல்ல நிமிர்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. எனக்காக அல்லாஹ்விடம் நீண்ட துஆ கேட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாருங்க. ஒரு சொட்டு வரல்ல. இதுக்கா பயந்து சாகுறீங்க?"

நோய் என்று தெரிந்து மூன்று வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. சனிக்கிழமை வரை நான் காத்திருக்கவில்லை. அங்கேயே டாக்டருக்குப் போன் எடுத்து, வெளியே பைதான் என்று சொன்னேன்.

பையை உரித்தபோது அவள் உதட்டைக் கடித்தாள். பிளாஸ்டர் இழுக்கிறது என்று மெதுவாக உரித்தேன்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. பை ஒரு நாளும் கழன்றதில்லை. பள்ளிவாசலில் முதல் வரிசையில்தான் நிற்கிறேன்.

ஒப்பரேஷன் முடிந்து நான் தேறி நடமாட மூன்று மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான், சோறு இறங்காமல் வயிறு நோகிறது என்றிருந்த அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர் ஸைனம்புவின் வயிற்றை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். கையை எடுக்காமலே என்னைப் பார்த்து, வயிறு இப்படி ஊதியிருப்பது எவ்வளவு காலமாக என்று சிங்களத்தில் கேட்டார்.

"இப்பத்தான், கொஞ்ச நாளா" என்று ஸைனம்பு முந்திக்கொண்டாள்.

எனக்குக் கிழமை தெரியும். நேரமும் தெரியும். அந்தச் சுருக்கமில்லாத இடத்தில் புள்ளி வைத்த பேனை என் கையில்தான் இருந்தது.