கிழக்குக் கரையில் ஒரு குரல்

"மூச்சு விடாதீங்க," என்றாள் தவளை ஆராய்ச்சிக்காரி. துடுப்போடு எதிரே உட்கார்ந்திருந்த கணவன் கொட்டாவியைப் பாதியில் விழுங்கினான்.

ஒரே ஒரு தவளை உயிரோடு இருப்பது தெரிந்தால் போதும், நாளை இந்தச் சதுப்புநிலத்தில் மண் கொட்ட வரும் லாரிகளை நிறுத்திவிடலாம். ஆனால் அந்த இனத்தின் குரலை யாரும் கேட்டுப் பல வருஷமாகிறது. மடியிலிருந்த ஸ்பீக்கரில் பழைய ஒலிப்பதிவை ஓடவிட்டாள்.

பனிமூட்டத்துக்குள், கிழக்குக் கரையிலிருந்து, அதே குரல் பதில் சொன்னது.

"அடியே, உன் ஆளு பேசிட்டான்டி!" கணவன் துள்ளியதில் படகு ஆடியது.

மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் பதில். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது போன் அதிர்ந்தது. அவளுடைய மேலதிகாரி கிசுகிசுத்தார்.

"வீட்ல இருப்புக் கொள்ளலம்மா. உங்கிட்ட சொல்லாமலே கிழக்குக் கரைக்கு வந்துட்டேன். நம்ம ஒலிப்பதிவைத்தான் ஸ்பீக்கர்ல போட்டேன். பனிக்குள்ளேருந்து பதில் வருதும்மா! உயிரோட இருக்கு!"

அவள் விரல் தானாகப் போய் மடியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை அணைத்தது.

"அடடா, நின்னுடுச்சேம்மா," என்றார் அவர். "பயந்துடுச்சோ?"