முதுகு தெரிந்தால் போதும்

நாலாவது தடவையும் புல்லட் அதே இடத்தில், மொக்கையன் வீட்டு வாசலுக்கு நேரே, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோனது.

மைக்கில் "கட்" என்று குரல் வந்தது. பால்பாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பார்ப்பதற்கு வருத்தம் மாதிரிதான் இருந்தது.

பன்னிரண்டு வருஷமாக வாடிப்பட்டி தேங்காய் மண்டிக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் அவன். அப்பேர்ப்பட்டவனுக்கு கிளட்ச் பிடிபடவில்லை என்று சினிமாக்காரர்கள் நம்பினார்கள், பாவம்.

அவர்கள் எடுப்பது நாற்பது வருஷத்துக்கு முந்திய கதை. வயல் வேலைக்கு வரும் கூலி ஜனங்கள், நிலம் வைத்திருப்பவர்களின் தெருவில் வண்டி ஓட்டிப் போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த ஜனத்தில் பிறந்த கதாநாயகன் முதல்முதலாக இறங்காமல் ஓட்டிப் போகிறான். அதைத்தான் இன்றைக்கு எடுக்கிறார்கள்.

ஹீரோ நல்ல எலுமிச்சம்பழ நிறம். அவரைக் கறுப்பாக்கவே இரண்டு மணி நேரம் பூச வேண்டும். வெயிலில் அவரைக் காயவைப்பானேன் என்று, பின்னாலிருந்து எடுக்கும் ஷாட்டுக்கு அதே உடம்புவாகில் உள்ளூர் ஆள் தேடினார்கள். அந்தத் தெருவிலேயே அதிக நிலம் வைத்திருக்கும் மொக்கையன் தன் மகனைக் கூப்பிட்டு நிறுத்திப் பார்த்தார். முதுகு ஒத்துவரவில்லை. தெருமுக்கில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பால்பாண்டியின் முதுகு ஒத்துவந்தது.

உதவி இயக்குநர் ஆன்சிக்கு மனசு ஆறவில்லை. மதுரைப் பெண், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் மகள். காலையிலிருந்து டைரக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இவங்க கதைய எடுக்குறோம். இவங்கள்ல ஒருத்தர் முகமாச்சும் அதுல இருக்க வேணாமா சார்?"

"இருக்காரேம்மா. அதான் முதுகு தெரியுதுல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆன்சி சிரிக்கவில்லை. பால்பாண்டியிடம் வந்து, அவன் முகம் தெரிய ஒரு ஷாட்டாவது வாங்கித் தருவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

பால்பாண்டிக்கு முகத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அவன் கண்ணெல்லாம் தெருமுக்கில் கிடந்தது. நாலேகால் பஸ்ஸில் மில் வேலை முடிந்து அவன் பொண்டாட்டி முத்துமீனா வருவாள். இந்தத் தெருவில் அவன் வண்டி ஓட்டுவதை அவள் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். அதற்குள் ஷாட் ஓகே ஆகித் தொலைத்தால் எல்லாம் போச்சு.

ஐந்தாவது தடவை வேண்டுமென்றே வேகமாகப் போனான். ஆறாவது தடவை ஊர்ந்தான். ஏழாவதில் கேமராவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எட்டாவதில் மொக்கையன் வாசலுக்கு நேரே நீளமாக ஹாரன் அடித்தான். எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை.

மொக்கையன் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

படக் கம்பெனி போட்டுக்கொடுத்த நாற்காலி அது. ஊர்ப் பெரிய மனிதர் என்று அவரிடம்தான் காலையில் ஆன்சி பழைய கதையெல்லாம் விசாரித்தாள்.

"அதெல்லாம் அந்தக் காலம் தாயி. இப்ப எல்லாரும் ஒண்ணுமண்ணாத்தான் இருக்கோம்" என்றிருந்தார் மொக்கையன். ஆன்சிக்கு அதைக் கேட்க அத்தனை சந்தோஷமாக இருந்தது. நோட்டில்கூட எழுதிக்கொண்டாள்.

மணி நாலு ஆனது. மேகம் வேறு கூடிக்கொண்டு வந்தது. இதுதான் கடைசி, இதற்கு மேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

பால்பாண்டி நேரத்தைக் கடத்தப் பார்த்தான். தண்ணீர் கேட்டான். செருப்பு வாரைக் கழற்றி மாட்டினான். ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவன், கருவேல மரத்துக்குப் பின்னால் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வயசில் ஒரு பஸ்ஸுக்காக இப்படித் தவித்ததில்லை.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஓடிவந்து வண்டியில் ஏறினான்.

ஒன்பதாவது தடவை ஒரு பிசகும் இல்லை. வண்டி வேகம் கூடாமல் குறையாமல் போனது, முதுகு நட்டுக்குத்தலாக நின்றது. பாதித் தெருவில் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். தெருமுக்கில் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முத்துமீனா நின்றிருந்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, முகத்தை யாரும் எடுக்கவில்லை.

ஷாட் ஓகே என்றார்கள். கைதட்டினார்கள். புல்லட்டை லாரியில் ஏற்றினார்கள், நாற்காலிகளும் போயின. முகம் வாங்கித் தர முடியாததற்கு ஆன்சி இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

வேன் மறைந்ததும் தெரு பழையபடி ஆனது. மொக்கையன் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பால்பாண்டி வீடு தெருவுக்கு அந்தப் பக்கம், வாய்க்காலைத் தாண்டி. பஸ் ஸ்டாப்பில் விட்டிருந்த தன் பழைய டிவிஎஸ்ஸை எடுத்து, முத்துமீனாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தான்.

தெருமுக்கு வந்ததும் அவள் வழக்கம்போல இறங்கினாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக இந்த முக்கில் இரண்டு பேரும் இறங்கி, அவன் வண்டியைத் தள்ள, அவள் பின்னால் நடந்துதான் வீடு போய்ச் சேர்கிறார்கள்.

பால்பாண்டி இறங்கவில்லை. எஞ்சினை அணைக்கவும் இல்லை.

மொக்கையன் படியிலிருந்து எழுந்தார்.

"கேமராவெல்லாம் போயிருச்சுங்க" என்றாள் முத்துமீனா.

"தெரியும் புள்ள. ஏறு."