எழவு வீட்டுக்குப் பக்கத்தில் பாட்டு

இதை எனக்கு முதலில் சொன்னவள் மீனம்மா. ரெண்டாயிரத்து ஆறு, மாசி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. நோர்வூட் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கு வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, சேதி தெரியுமா? எழவு வீட்டுக்குப் பக்கத்துக் காம்பராவுல பாட்டு ஓடுது."

"யாரு வீட்டுல?"

"அழகுமுத்து வீட்டுல. அவரு மக சுதர்ஷினிதான்."

பள்ளத்து லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் செல்லசாமி அண்ணன் இறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த லயத்தில் யாரும் ரேடியோகூடப் போட மாட்டார்கள்.

"வேணும்னே செய்றாக்கா" என்றாள் மீனம்மா. "அழகுமுத்துவுக்கும் செல்லசாமி அண்ணனுக்கும் பீலித் தண்ணி பிடிக்கிறதுல சண்டை. ரெண்டு வருசம் பேச்சுவார்த்தை கெடையாது. செத்த பெறகும் விடாம பழி வாங்குறாங்க."

கொழும்பில் வேலை செய்யும் சுதர்ஷினியின் அண்ணன் கஜேந்திரன் தீபாவளிக்கு டீவியில் மாட்டி விளையாடும் பழைய கேம் பெட்டி ஒன்று கொண்டுவந்திருந்தான். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த சுதர்ஷினி அதோடுதான் கிடந்தாள். அது எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராசம்மாவைப் பார்க்கப் போனோம். செல்லசாமி அண்ணன் சம்சாரம். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ கவலப்படாத ராசம்மா" என்றாள் மீனம்மா. "தோட்டத் தலைவர்கிட்ட சொல்லியாச்சு, வந்துக்கிட்டிருக்காரு. இனிமே நல்லது கெட்டதுக்கு அந்த வீட்டு வாசல யாரும் மிதிக்கக் கூடாது. ஒதுக்கி வச்சாத்தான் புத்தி வரும்."

ராசம்மா நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் பக்கத்துக் காம்பராவில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் தும்மினாலே இந்தப் பக்கம் கேட்கும்.

"பாத்தீங்களா? நாம இருக்கையிலயே போடுறா!" என்றாள் மீனம்மா.

நான் எழுந்து போனேன். கோபம்தான், மறைப்பானேன்.

சுதர்ஷினி டீவி முன்னால் குந்தியிருந்தாள். கட்டைவிரல் ரெண்டிலும் துணி சுற்றியிருந்தது. டீவியில் கலர் கலராய் வட்டங்கள் மழை மாதிரி விழுந்தன. பாட்டின் தாளத்துக்குச் சரியாகப் பட்டனை அமுக்க வேண்டும். நாலு தடவை தவறினால் பாட்டு நின்றுவிடும். அன்றைக்கும் பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

"நிப்பாட்டு புள்ள."

"இன்னும் ஒரே தடவ அத்தே."

"பக்கத்துல எழவு வீடு. ஒங்கப்பா சண்டைக்கு இதா நேரம்?"

"கருமாதிக்கு முன்னுக்கு முடிச்சிரணும் அத்தே."

"எதை முடிக்கணும்?"

சுவரைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னமோ இருக்கு" என்றாள் கூடவே வந்திருந்த மீனம்மா, என் காதோரம். "வாய்க்குள்ள நுழையாத பாஷையில பாட்டு. எவன் சொல்லிக் குடுத்தானோ! செய்வினையாக்கூட இருக்கும்."

வாசலில் தலைவர் பழனியாண்டி வந்து நின்றார். பின்னாலேயே லயத்துச் சனம். அழகுமுத்து வெளியே எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"சொல்லும்மா" என்றார் தலைவர். "எதுக்கு இப்படிச் செஞ்ச?"

"தப்பு என்னோடதுதான் மாமா. வேற யாரையும் கேக்காதீங்க."

"திமிரப் பாரு!" என்றாள் மீனம்மா.

"எந்தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று அழகுமுத்து கையை ஓங்கினார்.

"அவளத் தொடாதீங்கண்ணே."

எல்லோரும் திரும்பினோம். பதினாறு நாளைக்கு வாசல் தாண்டக் கூடாத ராசம்மா, அழகுமுத்து வீட்டு வாசலில் நின்றாள்.

"நாந்தான் போடச் சொன்னேன்."

மீனம்மா தலைவருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"அவரு படுக்கையில கெடந்த நாலு மாசமும் செவுத்துக்கு மேலால வந்த இந்தப் பாட்டத்தான் கேட்டாரு. சண்டக்கார வீட்டுப் பாட்டுன்னு வெளிய சொல்லிக்கல. பாஷை புரியாட்டியும் மனசுக்கு எதமா இருக்குடின்னாரு. ஆனா ஒவ்வொரு தடவையும் பாதியிலயே நின்னு போயிரும். இந்தப் புள்ள கடைசி வரைக்கும் போயிட்டா நல்லாருக்குமேன்னு சொல்லிச் சொல்லியே போயிட்டாரு."

ராசம்மா நடுச்சுவரைக் கையால் காட்டினாள்.

"கருமாதி வரைக்கும் அவரு ஆத்மா வீட்டுலதானே இருக்கும்? அதுக்குள்ள ஒரு தடவ முழுசாக் கேக்கட்டும்னு, எல்லாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன நேரம் செவுத்துக்கு மேலால கூப்பிட்டுக் கேட்டேன். 'புருசன் செத்தவ பாட்டுக் கேட்டான்னு ஊரு ஒங்களைப் பேசும் பெரியம்மா, அந்தப் பேரு எனக்கே இருக்கட்டும்'னுச்சு இந்தப் புள்ள."

அழகுமுத்து ஓங்கிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"போடு புள்ள" என்றார்.

அன்றைக்கும் பாதியில்தான் நின்றது. பதினைந்தாம் நாள் சாயங்காலம் முடிவுவரை போனது. அந்த லயமே மூச்சுக் காட்டாமல் கேட்டது. நானும் கேட்டேன்.

அதிலிருந்து அந்தப் பாட்டு என்னை விடுவதாயில்லை. கொழுந்து பறிக்கையில் வருகிறது. சாமி கும்பிடும்போதுகூட வந்துவிடுகிறது. மாரியம்மா மன்னிக்கட்டும்.

நீங்கள் பள்ளத்து லயத்துப் பக்கம் போனால், சுதர்ஷினியிடம் அது என்ன பாட்டு என்று கேட்டு, பேரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி வாருங்கள். நிப்பாட்டச் சொன்ன வாயால் கேட்க எனக்கு வெட்கமாயிருக்கிறது.