ஜன்னல் அளவு

எந்த ஊருக்குப் போனாலும் தேவநாதன் முதலில் பார்ப்பது சுவரில் ஆணி இறங்குமா என்பதைத்தான். புதுச்சேரி வீட்டு மாடியறையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த மயில்கழுத்து நிறத் திரைச்சீலையை முதுகுக்குப் பின்னால் மாட்டிய பிறகே கேமராவைத் திறப்பான். வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறான் என்று நம்பும் கம்பெனிக்கு அவன் நாடு நாடாகச் சுற்றுவது தெரியக்கூடாது. லிஸ்பனில் வாடகை கழுத்தை நெரித்தது. திபிலிசியில் குளிர், சியாங் மாயில் புகை. வாடகை, நெட், சோறு என்று கட்டம் போட்டு ஊர்களுக்கு மார்க் கொடுத்துக்கொண்டே வந்தவனுக்கு, இந்தப் பதினோராவது ஊரில் அதற்கும் கை எழவில்லை. "குடுத்து வச்சவரு சார் நீங்க, வீட்ட விட்டு நகரவே வேணாம்" என்று அன்றைய மீட்டிங்கில் ஒருவர் சொன்னபோது சிரித்து வைத்தான்.

மீட்டிங் முடிந்ததும் அக்கா போனில் கூப்பிட்டாள். "தேவா, ஒன்னோட மாடி ரூம வாடகைக்கு விட்டுட்டேன்டா. சும்மாதானே பூட்டிக் கெடக்கு. ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. ஒன்ன மாதிரியே லேப்டாப்ப வச்சிக்கினு பேசிக்கினே இருக்குது."

"நம்ம ஊரு பிடிச்சிருக்காமா?"

"ரொம்பப் பிடிச்சிருக்காம். வெயில்தான் மூஞ்சில அடிக்குதாம். பழைய திரையத்தான் நீ எடுத்துக்கினு போயிட்டியே. புதுசு தைக்கக் கடையில நிக்கிறேன், டைலரு ஜன்னல் அளவு கேக்குறாரு. ஒனக்கு ஞாபகம் இருக்குதா?"

"ஒரு நிமிஷம்க்கா" என்றவன் எழுந்து, திரைச்சீலையைக் கழற்றாமலே, மேலிருந்து கீழாக ஜாண் வைத்து அளக்கத் தொடங்கினான்.