பெரட்டில் எல்லோரும் சுகம்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மனிதகுலத்தின் வயிற்றிலுள்ள கொக்கிப்புழுவைப் பூண்டோடு ஒழிக்க வந்த சிவப்பு மாத்திரை பரீட்சிக்கப்பட்டு, தின்றவர் ஒருவருக்கும் ஒரு தீங்கும் இல்லையென்று நிரூபணமாயிற்று.

நிரூபித்தவர் தோட்டத்து மருந்தையா கணேசமூர்த்தி.

கொழும்பிலிருந்து வந்த ஆராய்ச்சித் துரை அவரிடம் ஒரு நீளப் படிவத்தையும் ஓர் ஊற்றுப்பேனாவையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்று முதல் மருந்தையா இருமினால்கூட அதில் விஞ்ஞானம் இருந்தது.

அவருடைய முறை எளியது. காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களைக் கணக்கப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடுவார். "வந்தேங்க" என்றவனிடம் மருந்தையா கேட்பார்: "மாத்திரை ஏதாச்சும் செஞ்சுச்சா?" அவன் இல்லையென்று தலையாட்டுவான். படிவத்தில் ஒரு கோடு.

எழுந்திருக்க முடியாதவன் பெரட்டுக்கு வருவதில்லை. வராதவனுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாதவனுக்கு நோய் மட்டும் எங்கிருந்து வரும்?

ராசம்மாவின் புருஷன் செல்லசாமி மாத்திரை தின்ற மறுநாளிலிருந்து லயத்து வரிசை வீட்டில் கிடந்தான். கண்ணெல்லாம் மஞ்சள். மூத்திரம் சாயத் தேத்தண்ணி நிறம். பெரியாஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்ற வேண்டுமானால் மருந்தையா துண்டுச் சீட்டு எழுதித் தரவேண்டும்.

நாலாம் நாள் பெரட்டு கலையும்போது ராசம்மா அவரை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நிக்கிறவங்களையே கேட்டா எப்புடிங்க ஐயா? விழுந்து கெடக்குறவங்கள வந்து பாருங்க. எங்க வூட்டு ஆளுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க."

"லயம் லயமா ஏறி எறங்குறதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல, பிச்சையெடுக்குறது. ஒம் புருஷனுக்கு வாயி இருக்குல்ல? நாளைக்குப் பெரட்டுக்கு வந்து அவனே சொல்லட்டும், எழுதுறேன்."

துண்டு எழுதினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் படிவம் அழுக்காகிவிடும்.

மறுநாள் பனி விலகுமுன்னே நாலு பேர் செல்லசாமியைக் கம்பளியில் வைத்துத் தூக்கிவந்து, மருந்தையாவின் சப்பாத்துக் காலடியில் இறக்கினார்கள். குளிருக்குக் கட்டுகிற மாதிரி தலையோடு தாடையைச் சேர்த்து ஒரு துணி கட்டியிருந்தது. அந்தக் குளிரில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார்.

"வந்திருக்காருங்க," என்றாள் ராசம்மா.

மருந்தையா படிவத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னடா, மாத்திரை ஏதாச்சும் செஞ்சுச்சா?"

செல்லசாமி ஒன்றும் சொல்லவில்லை.

"நேத்து இவ பேசுன பேச்சு என்ன!" என்று சிரித்துக்கொண்டே மருந்தையா எழுதி முடித்து, பேனாவை மூடினார்.

ராசம்மா குனிந்து கால்மாட்டில் கம்பளியை விலக்கினாள். இரண்டு கட்டைவிரல்களும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தன.

"கேளுங்க ஐயா," என்றாள். "இன்னொருக்கா கேளுங்க."

படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது விதி. ஆகவே அது அப்படியே கொழும்புக்குப் போயிற்று:

செல்லசாமி, வயது முப்பத்து நாலு. பெரட்டுக்கு வந்திருந்தார். குறை எதுவும் சொல்லவில்லை.