விளிம்பன்

ஏரியின் மதகு ஓரத்தில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு நண்டு. நடு ஏரியில் வாழ்ந்த கெளுத்தி மீன் அதற்கு 'விளிம்பன்' என்று பேர் வைத்தது.

"அப்படியென்றால் என்ன?" என்று நண்டு கேட்டது.

"எதிலும் நடுவை விட்டுவிட்டுக் கடைசி எல்லைக்கே போய் நிற்கிறவன். உன்னோடு பேசுவதே ஆபத்து" என்றது கெளுத்தி.

பேர் ஒட்டிக்கொண்டது. மீன்கள் கூடியிருக்கும் இடத்துக்கு நண்டு போனால் பேச்சு நின்றுவிடும். அங்கே சேற்றில் கிடந்த நத்தை மட்டும், "வா அண்ணே, இப்படி உட்கார்" என்று இடம் கொடுக்கும். மற்றவர்களும் ஒருநாள் அப்படிக் கூப்பிடமாட்டார்களா என்று நண்டு ஏங்கியது.

கோடை வந்தது. ஏரியில் மதகடிதான் பள்ளம். நடுவில் தண்ணீர் வற்ற வற்ற, மீன்களெல்லாம் நண்டின் வாசலுக்கே வந்து சேர்ந்தன.

"இனிமேல் இதுதான் நடு" என்றது கெளுத்தி, மூச்சு வாங்கியபடி. "மாப்பிள்ளே, நீயும் நம்ம ஆள்தான்."

நண்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

தூரத்தில், பழைய நடு ஏரியின் காய்ந்து வெடித்த சேற்றில், நத்தை தெரிந்தது. "ஊரே இங்கே இருக்கிறது. தனியாகப் போய்க் கிடக்கிறான் பார், விளிம்பன்!" என்றது கெளுத்தி. மீன்கள் சிரித்தன. பிறகு நண்டின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தன.

நண்டு கொடுக்கைத் தூக்கி, அந்தப் பேரைச் சொல்லிக் கத்தியது. கெளுத்தியை விடவும் உரக்கக் கத்தியது.

நத்தை தன் ஓட்டின் கதவைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தது.

"நீயா அண்ணே?" என்றது.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டது.