இலை பறிக்கும் இடம்

வேலிக்கு வெளியே ஈர மண்ணில் ஒரு செருப்புத் தடம் இருந்தது. பெல்மீரோ குனிந்து, அதன் மேல் விரல்களை விரித்து வைத்துப் பார்த்தான். சின்னத் தடம். சுற்றிலும் புல் நசுங்கிக் கிடந்தது; வந்தவர் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும்.

உள்ளே வந்து கேட்டைப் பூட்டினான். சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டு தட்டிக்கொண்டான்.

"உங்க அக்கா நாயீர் வந்தாளா?"

ஒடீலியா கோழியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நீங்க பூட்டிட்டுப் போற வீட்டுக்குள்ள யாருங்க வர முடியும்?"

"உள்ள வரலடி. வெளிய நின்னுருக்கா."

அவள் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். போன தடவை அக்கா பேச்சை எடுத்தபோது முறிந்த மணிக்கட்டு அது.

கல்யாணமான புதிதில் அவனே நட்ட வேலி. வெறும் குச்சிகளை ஒடித்து ஊன்றினான். மூன்று மழைக்காலத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. தூரத்தில் பார்த்தால் பச்சை இலையும் வெள்ளைப் பூவுமாக மல்லிகைப் பந்தல் போல இருக்கும். கள்ளிச் சாதி என்று கை வைத்தவனுக்குத்தான் தெரியும். உள்ளே இருப்பது கொக்கி முள். இழுக்க இழுக்கப் பதியும்.

திருடனுக்குப் பயந்து நட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டான். வீட்டில் திருட ஒன்றும் இல்லை.

தண்ணீர் விடுவதும் எரு போடுவதும் ஒடீலியாதான். பிள்ளையைப் போல வளர்த்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வரும்.

"நாளைக்கு விடிஞ்சதும் கிளம்பறோம்," என்றான். "மலை மேல ஒரு பண்ணையில வேலை. பக்கத்து வீட்டுக்குப் போகணும்னா கழுதை மேல ஒரு பகல் போகணும். அங்க வேலியே வேண்டாம்."

கத்தி நின்றது. பிறகு மறுபடி நறுக்கியது.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை..."

"எந்த அக்கா?"

அவள் கோழியைச் சட்டியில் போட்டாள்.

"இந்த வீட்டுல கடைசிச் சமையல். சோளக்களி கிண்டு. கோழியில வேலி இலையை நெறையப் போடு," என்றான்.

"பறிச்சுட்டு வரேங்க. அடுப்பைப் பார்த்துக்கோங்க."

"அந்த ஒரே இடத்தை மொட்டையடிக்காத. வேலி பூரா இலை கிடக்குது, நட்ட வருஷத்துல இருந்து அங்கயே போய் ஒடிக்கற. ஆடுகூட நாலு இடம் மேயும்டி!"

"அங்கதாங்க இளசு," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜன்னல் வழியே பார்த்தான். பூக்களில் மொய்த்திருந்த தேனீக்கள் குபீரென்று எழும்பின. சுற்றின. மறுபடி அமர்ந்தன.

கோழி வெந்துவிட்டது. இலை வரவில்லை.

"ஒடீலியா!"

வேலியடியில் தட்டு மட்டும் கிடந்தது. மேலிருந்து திரையாகத் தொங்கிய இலைகளை அவன் விலக்கினான். பின்னால் முற்றிய கிளை ஒன்றுகூட இல்லை. குருத்திலேயே ஒடித்து ஒடித்து, ஒல்லியான ஒரு பெண் தவழ்ந்து நுழையும் அளவுக்கு வழி திறந்திருந்தது. அந்தப் பக்கம் சாலையில் வெயில் அடித்தது.

ஆத்திரத்தில் மண்டியிட்டு அதற்குள் பாய்ந்தான். தோள் சிக்கியது. பின்னால் இழுத்தான், கொக்கிகள் சட்டையைத் தாண்டிச் சதையைப் பிடித்தன. சாவி இருந்த பைக்குக் கை எட்டவில்லை.

அவன் முகத்துக்கு நேரே, சாலையில், கீறல் விழுந்த இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

"ஆட்டுக்குத்தான் நாலு இடம் வேணும், பெல்மீரோ. எனக்கு ஒண்ணு போதும்."